பிரசிடெண்டின் வீட்டுக்காரர்

கன்னிப்பூ அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளோடு கிடந்த ஒரு காலையில், குமாரதாஸும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் வைகுண்டராஜன் வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்து, கைதவிளைப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். குமாரதாஸ் தேங்காய் வியாபாரி. வைகுண்டராஜனுக்குச் சித்தப்பா மகன். முந்தின ஐந்து வருஷமும் அவர்தான் தலைவர்.

“அண்ணே, சீட்டு பெண்ணுங்களுக்குப் போச்சு. வெளியாளு கையில விட முடியாது. மயினிய நிறுத்துவோம். படிச்சவிய, டீச்சரா இருந்தவிய. காரியத்த நீங்க பாத்துக்கிடலாம். நானும் கூட இருக்கேன்” என்றார் குமாரதாஸ்.

அந்தக் கடைசிப் பேச்சு வைகுண்டராஜன் காதில் ஏறவில்லை. தன் மனைவி முத்துக்கனியை நிறுத்துவோம் என்றதுமே அவர் மனம் வேறெங்கோ போய்விட்டது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவம் எடுத்தவர். எத்தனையோ பேரைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தாலும் அவருக்கு உயிர் ஒரே ஒருவர் மேல்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயர். அடுத்தவனுக்குக் கெடுதல் வராதவரை ஒருவன் வாழ்க்கையில் யாருக்கும் கைவைக்க அதிகாரமில்லை என்று சொன்னவர். உலகம் முழுக்க ஒரு பக்கமும் ஒரே ஒருவன் மறுபக்கமும் நின்றாலும் அந்த ஒருவன் வாயை அடைக்க உலகத்துக்கு உரிமை கிடையாது என்று எழுதியவர். மனைவி என்ற பெயரில் வீட்டுக்கு ஓர் அடிமை இருக்கிறவரை விடுதலை என்று பேசுவதற்கு அர்த்தமில்லை என்றவர், பெண்களுக்கு ஓட்டுக் கேட்டுப் பார்லிமெண்டில் கேலிக்கு ஆளானவர். அந்தப் பாடம் வரும் நாட்களில் வைகுண்டராஜனின் குரலே மாறிவிடும். பிள்ளைகள் அவருக்கு ‘சுதந்திரம் சார்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

“இதுக்கு நான் மறுப்பு சொல்லுவேனாடே? நிக்கட்டும். அவ நிக்கத்தான் வேணும்” என்றார்.

முத்துக்கனி அப்போது வீட்டில் இல்லை. திங்கள்நகருக்கு நூலும் ஊக்கும் வாங்கப் போயிருந்தாள். அரசுப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னும் நாலு பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். மத்தியானம் பஸ் இறங்கி வந்தவள், பையைக் கட்டிலில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

“நான் எலெக்சன்ல நிக்குகேனாமே.”

“ஆமா கனி. குமாரதாஸ் வந்திருந்தான். உனக்கு சந்தோசமா இருக்கும்னு…”

“முந்திரி உடைக்கிற பகவதி பஸ்ல வச்சு சொன்னா. அண்டியாபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சாம். எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சிருக்கு.”

“பெண்ணுங்களுக்கு அதிகாரம் வரணும்னு நான் எவ்வளவு காலமா சொல்லிட்டு வாறேன். உனக்குத் தெரியாதா?”

“ஒருபாடு சொல்லியிருக்கிய. அத வகுப்புல உள்ள பிள்ளையளுக்குச் சொன்னிய. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். மரச்சீனிக்கிழங்கு வெட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

கல்யாணமான புதிதில் இருவரும் பேச்சிப்பாறைக்குப் போனது அவருக்கு ஞாபகம் வந்தது. அணைக்கட்டின் மேல் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டு, அவர் அந்த ஆங்கிலேயரின் கல்யாணக் கதையைச் சொன்னார். அந்தக் காலச் சட்டப்படி மனைவியின் சொத்தும் உடம்பும் புருஷனுக்குச் சொந்தம். அந்த மனிதர் கல்யாணத்துக்கு முன்னால், இந்த அதிகாரம் எதுவும் எனக்கு வேண்டாம், இதை எந்தக் காலத்திலும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முத்துக்கனி கடலைத் தோலை ஊதிவிட்டுக் கேட்டாள். “அதுக்கு அந்தப் பெண்ணு என்ன சொன்னா?”

“அவளுக்கும் அதே அபிப்பிராயந்தான்னு அதுலயே எழுதியிருக்காரு.”

“அவரே எழுதினாரா?”

அன்றைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அவர்கள் குடும்பம் தொடங்கியது. அதன் பிறகு அந்த வெள்ளைக்காரத் துரைக்கு வீட்டில் ‘சாயிப்பு’ என்றே பெயர். உங்க சாயிப்பு இதுக்கு என்ன சொல்லுகாரு என்று கேட்பாள், கறிக்கு உப்பு கூடிப் போனாலும்.

மறுநாள் முழுக்க அவள் தையல் மிஷினை விட்டு எழவில்லை. அதற்கும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அய்யாவழி நிழல்தாங்கலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டே வைகுண்டராஜன் வரப்பில் நடந்து வந்தபோது, பின்னால் வந்த முத்துக்கனி, “நிக்குகேன்” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வாக்கு குடுத்ததுனால இல்ல. எனக்குக் கொறே காரியம் செய்யணும்னு உண்டு. பின்ன, எனக்குத் தெரியாதத உங்கட்ட நான் கேப்பேன். கேட்டாச் சொல்லுங்க. கேக்காம ஒண்ணும் சொல்லாதிய.”

“செரி” என்றார் அவர். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று தோன்றியது.

அவள் ஜெயித்தாள். பூட்டுசாவிச் சின்னம். அவளிடம் ஜாக்கெட் தைத்த பெண்கள், பள்ளியில் தையல் படித்துக் கல்யாணமாகி இதே ஊரில் வாழ்கிற பெண்கள், அண்டியாபீஸ் பெண்கள் எல்லாம் போட்டார்கள். குமாரதாஸ் தன் தேங்காய்க் களத்தில் எல்லோருக்கும் புட்டும் பயறும் பப்படமும் போட்டு, வென்றது தான்தான் என்ற மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார்.

பிற்காலத்தில் வைகுண்டராஜன் நினைத்து நினைத்து ஏங்கியது அதற்கடுத்த இரண்டு வருஷத்தைத்தான். காலையில் முத்துக்கனி புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குக் கிளம்புவாள். அவர் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கூடப் போவார். பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானல் கரையில்தான் வழி. சாயங்காலம் அதே வழியில் திரும்புவார்கள். கரையில் கைதைத் தாழை பூத்திருந்தால் மணம் ஆளை மயக்கும். அவள் அரசாணைகளைப் பற்றிக் கேட்பாள், அவர் விளக்குவார். கல்லூரியைவிட்டு வந்தபின் தன் பேச்சைக் கேட்க ஆளில்லை என்றிருந்த ஏக்கம் அதில் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து கட்டன்சாயா போடுவது அவர் வேலையாயிற்று. அந்த வயதில் சாயா போடக் கற்றுக்கொண்டதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

எந்த இடத்தில் அது மாறியது என்று அவரால் சொல்ல முடியாது. முதலில் அவர் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு மழைக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு அந்த நாற்காலி தலைவர் மேசைக்குப் பக்கத்தில் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவன் மேசையைத் தாண்டி அவரிடம் சொன்னான். “சார்ட்ட சொன்னாப் போதும், பிரசிடெண்டுக்குப் போயிரும்” என்று ஜான்ரோஸ் தன் சாயாக்கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னான். முத்துக்கனி சிலதைக் கேட்டாள். சிலதை அவள் கேட்காமலே அவர் சொன்னார். கடிதங்களை அவர் எழுதினார். அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். ஒருநாள் ஒன்றை வாசித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

“இத நான் சொல்லல்லியே.”

“சொன்னா இப்பிடித்தான சொல்லுவ?”

“இல்ல” என்றாள். தானே வேறு எழுதினாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. விஷயம் தெளிவாக இருந்தது. அவர் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து எட்டில் ஊருக்கு ஒரு சமூக நலக்கூடம் கட்டப் பணம் அனுமதியானது. இடம் எங்கே என்பதுதான் கேள்வி. குமாரதாஸ் கையோடு பதில் வைத்திருந்தார். கிழக்கே உள்ள தொட்டிக்குளம். சின்னக் குளம், கோடையில் பாதி வற்றிவிடும். ரோட்டோரம். மண் அடித்தால் கிடைக்கிற இடம் மண்டபத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் சரி என்றார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் என்பது சாயாக்கடையிலும் களத்திலும் இருந்தவர்களை.

தொட்டிக்குளத்தின் கீழ்க்கரையில் ஒரு படித்துறை உண்டு. அண்டியாபீசில் கொட்டை உடைக்கிற பெண்கள் சாயங்காலம் நேராக அங்கேதான் வருவார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துப் பொத்துப்போயிருக்கும். சாம்பலும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்து, கல்லில் உரசி, குளித்து முடித்த பிறகுதான் வீட்டில் பிள்ளையைத் தொடுவார்கள். அதற்கு ஒரு மணிநேரம் போகும். அந்த நேரத்தில் கரையோரம் ஆண்கள் யாரும் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

“குளம் போவாது” என்றாள் முத்துக்கனி. காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

வைகுண்டராஜன் பொறுமையாகத் தொடங்கினார். “கனி, டவுன்ல ஒரு கல்யாண மண்டபம் பிடிக்க இந்த ஊர்ல எத்தன பேரால முடியும்? ஒரு மண்டபம் வந்தா எல்லாருக்கும் உள்ளது. கூடுதல் பேருக்குக் கூடுதல் நன்மை எதுல இருக்கோ…”

“அது சாயிப்பு சொன்னதா?”

“அவருக்கு முன்னயே சொன்னாவ. அவரும் சொன்னாரு.”

“செரி, அந்தக் கூடுதல் பேருக்குள்ள இவளுக உண்டா?”

“இவளுகளுக்கும் சேத்துத்தான் மண்டபம்.”

“கல்யாணம் ஆயுசுல ஒருநாளு. கை கழுவுறது எந்நாளும்.”

“பைப்பு போட்டுக் குடுத்திரலாம்.”

“ரோட்டுப் பைப்பு முன்னால நின்னுகிட்டு எப்பிடிக் குளிப்பா? நீங்க குளிப்பியளா?”

அவர் அன்று முழுக்க யோசித்தார். சாயிப்பின் புத்தகங்களை மறுபடி எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் சாயிப்பு மண்டபத்துக்கு ஆதரவாக இருந்தார். இரண்டு பக்கம் தள்ளிப் படித்துறைக்கு ஆதரவாக இருந்தார். வைகுண்டராஜனுக்கு மண்டபம்தான் சரி என்று மனசாரப் பட்டது. குமாரதாஸுக்காக இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கடன் வாங்கி மண்டபமும் பிடித்து நொடித்துப்போன குடும்பங்களை அவர் பார்த்திருந்தார்.

அக்டோபர் இரண்டாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை கூடியது. வேப்பமரத்தடியில் மேசை. ஆண்கள் முன்னால் நாற்காலியில். பெண்கள் பின்னால் வெயிலில் முக்காட்டோடு நின்றார்கள். முத்துக்கனி குளத்தை மூடச் சம்மதமில்லை என்று சொன்னதும் சத்தம் கிளம்பியது. ஆளாளுக்கு எழுந்தார்கள். பணம் திரும்பிப் போனால் யார் பொறுப்பு என்று ஒருவன் கேட்டான். பெண்ணுக்குப் பதவி கொடுத்தால் இப்படித்தான் என்று இன்னொருவன் சொன்னான். முத்துக்கனி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

அது வைகுண்டராஜனுக்குத் தாங்கவில்லை. எழுந்து இரண்டு கையையும் உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. சார் பேச்சுக்கு அந்த மரியாதை இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க. பிரசிடெண்டு முடிவா ஒண்ணும் சொல்லல்ல. அவிய யோசிச்சுக்கிட்டு இருக்காவ. நான் அவியட்ட பேசுகேன். அடுத்த கூட்டத்துக்குள்ள நல்ல முடிவு வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

கைதட்டினார்கள். முத்துக்கனி கைதட்டல் முடியக் காத்திருந்தாள். பிறகு, பள்ளியில் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற அதே நிதானமான குரலில் சொன்னாள்.

“வைகுண்டராஜன் சார் இந்த ஊர்ல ஓட்டு உள்ள ஒரு ஆளு. அவிய அபிப்பிராயத்த அவிய சொல்லலாம். என் அபிப்பிராயத்த நான் சொல்லியாச்சு. எனக்காக யாரும் பேச வேண்டாம். சார் உக்காருங்க.”

யாரோ சிரித்தார்கள். பின்வரிசைப் பெண்களில் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். வைகுண்டராஜன் உட்காரவில்லை. நாற்காலிகளுக்கிடையில் வழி விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். குடையை விட்டுவிட்டு வந்தது சானல் கரையில் பாதி தூரம் வந்த பிறகே தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் அவளுடன் பேசவில்லை. முன்னறையில் படுத்துக்கொண்டார். வேளைக்கு மேசையில் சோறு இருக்கும். தின்னாமல் ஜான்ரோஸ் கடைக்குப் போய் ரசவடையும் சாயாவும் சாப்பிட்டார். கடையில் அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவருக்கு மனசில் ஒரே ஒரு நியாயம்தான் ஓடியது. ஊரே எதிர்த்தாலும் ஒருவன் வாயை அடைக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன தன்னை, தன் வீட்டுக்காரியே வாயடைத்துவிட்டாள். அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இதைச் சொல்வதற்கு அவருக்கு இத்தனை காலமும் இருந்த ஒரே ஆள் முத்துக்கனி.

மஸ்கட்டிலிருந்து மகன் அபிலாஷ் போன் செய்தான்.

“அப்பா, அம்மைக்கும் உங்களுக்கும் என்னமோ பிரச்சினையாமே. இங்க ரூம்ல ஒருத்தன் சொல்லுகான். மஸ்கட் வரைக்கும் வந்தாச்சு.”

“ஒண்ணுமில்ல மக்கா.”

“அம்மை என்ன சொன்னா?”

“பேசாதேன்னா.”

“அப்பிடியா சொன்னா? எனக்காகப் பேசாதேன்னுல்லா சொன்னதாச் சொன்னான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அண்டியாபீஸ் பகவதியம்மாள் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்குளத்தங்கரையில்தான் அவள் வீடு. முத்துக்கனி ஆபீசில் இருந்தாள்.

“சாரே, டீச்சர் இல்லியா? செரி, உங்கட்டயே சொல்லுகேன். எம் மவளுக்கு ஒரு எடம் ஒத்து வருது. மாப்பிள கொத்தன். எனக்கு அந்த மண்டபம் வந்தாக் கொள்ளாம், நல்லாருக்கும்.”

வைகுண்டராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “குளம் போனா நீ எங்க குளிப்ப?”

“அதுவும் வேணுந்தான். ஆனா மவ கல்யாணம் பெருசில்லியா? வாடகை மண்டபத்துக்கு நான் எங்க போவேன்? டீச்சர் எங்களுக்காக நிக்காவ. அதுனால மொகத்துக்கு நேர சொல்ல ஒரு மாதிரியா இருக்கு.”

அவள் போன பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முத்துக்கனி வந்து, புடவை நுனியைப் பிழிந்து முடிப்பதற்குள் பேசிவிட்டார். பல நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

“பகவதி வந்தா. அவளுக்கே மண்டபந்தான் வேணுமாம். நீ யாருக்காக நிக்கியோ அவளுக்கே.”

முத்துக்கனி துண்டால் தலையைத் துவட்டினாள். முகத்தில் ஒரு வாட்டம் வந்து போனது.

“என்னட்ட சொல்லல்ல அவ.”

“சொல்லப் பயம்.”

“என்னட்டயா பயம்?” என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். “அப்போ நான் அவளுகட்டக் கேட்டிருக்கணும். நீங்க எனக்குச் செஞ்சத நான் அவளுகளுக்குச் செஞ்சிருக்கேன்.”

வைகுண்டராஜன் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் கொண்டுவந்த வெற்றி கையில் நிற்காமல் நழுவியது.

“இருந்தாலும் எனக்குக் குளம் போவக்கூடாதுன்னுதான் இப்பவும் தோணுது” என்றாள் அவள். “உங்களுக்கு?”

“மண்டபம் வரணும்.”

“மனசாரத்தான் சொல்லுகியளா, இல்ல குமாரதாஸுக்காகவா?”

“மனசாரத்தான்.”

“அப்போ அதக் கூட்டத்துல வந்து சொல்லுங்க. என்னை எதுத்துப் பேசுங்க. எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. எம் பேருல பேசுனதுதான் பொறுக்கல்ல. இவ்வளவு காலம் கூட இருந்துட்டு, நான் என்ன நெனைக்கேன்னு உங்களுக்கே தெரியும்னு நெனச்சிய பாத்தியளா, அதுதான்.”

அவர் எழுந்துபோய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தார்.

குமாரதாஸ் அந்த வாரமே வந்தார். கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு தயார் செய்திருந்தார். தலைவர் தன்னிஷ்டத்துக்கு நடக்கிறார், ஊர் நன்மைக்குத் தடையாக இருக்கிறார் என்று.

“அண்ணே, நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். மயினிய வழிக்குக் கொண்டு வந்தாப் போதும். ஒரு வீட்டுக்குள்ள சொல்ல முடியாத காரியமா?”

“குமாரதாஸே, மண்டபம் வேணும்னு நானும் நெனைக்கேன். கிராமசபையில எந்திச்சு சொல்லவும் செய்வேன். உனக்காக அவட்டச் சொல்ல மாட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லடே” என்றார் வைகுண்டராஜன். அதற்குமேல் விளக்க முயன்றார், முடியவில்லை. முப்பது வருஷம் விளக்கிய ஆள். குமாரதாஸ் சாயாவைக் குடிக்காமலே போனார்.

முத்துக்கனி தைமாதம் வரைக்கும் சாயங்காலங்களில் தொட்டிக்குளத்துப் படித்துறைக்குப் போனாள். அவளும் படியில் உட்கார்ந்து துணி துவைத்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று வைகுண்டராஜனுக்குத் தெரியாது. ரோட்டில் நின்று கேட்டால் சிரிப்பும் சண்டையும் கலந்து கேட்கும். திரும்பி வருகிறவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது.

ஜனவரி இருபத்தாறு. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் கிராமசபை. இந்தத் தடவை பெண்கள் வெயிலில் நிற்கவில்லை. நாற்காலிகளில் பாதியில் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வைகுண்டராஜன் நடுவரிசையில் இருந்தார். கல்லூரியின் முதல் வகுப்புக்குப் போன அன்று மாதிரி ஒரு தாளில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

“மண்டபத்துக்கு ஆதரவா யாரு பேசுகிய?” என்றாள் முத்துக்கனி.

அவர் எழுந்தார். கல்யாணத்துக்காக நிலத்தை ஈடு வைத்த குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். கோடையில் பாதி வற்றிக் கிடக்கிற குளத்தைப் பற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் சாவு வீட்டுக்குக்கூட ஒதுங்க ஒரு கூரை கிடையாது என்று சொன்னார். படித்துறைக்குப் பதிலாக மறைவான குளியலறைகள் கட்டலாம் என்று ஒரு கணக்கு வைத்தார். யாரையும் நையாண்டி செய்யவில்லை. சாயிப்பையும் இழுக்கவில்லை. முத்துக்கனி முழுக்கக் கேட்டாள். இடையில் சலசலத்த ஒருவனை, “சார் பேசி முடிக்கட்டும்” என்று அடக்கினாள். குமாரதாஸ் முன்வரிசையில் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருக்குப் பதில் சொன்னது முத்துக்கனி இல்லை. கொட்டை உடைக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். முதலில் எழுந்தவளுக்கு வாய் வரவில்லை. கறுத்த கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள், “சார் சொல்லுக குளியலறைக்கு யாரு தண்ணி ஊத்துவா? பஞ்சாயத்துக் குழாயில வாரத்துல ரெண்டு நாளுதானே வருது” என்றாள். இன்னொருத்தி, கீழ்க்கரைக் கிணறுகளில் ஊற்று நிற்பதே குளத்தால்தான் என்றாள். வயதில் மூத்த ஒருத்தி எழுந்து, “நாள் முழுக்க மேஸ்திரி பேச்சு, ராத்திரி முழுக்க வீட்டுல உள்ளவன் பேச்சு. நாங்க பேசுறது அந்த ஒரு மணிநேரம். அதுக்கும் மண்ணடிக்கணுமா?” என்று கேட்டாள். பகவதியம்மாள் கடைசியில் எழுந்தாள். “எனக்கு ரெண்டும் வேணும். நான் எதுக்குக் கை தூக்க?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

கை தூக்கச் சொன்னபோது குளத்துக்கே கூடுதல் கைகள். வைகுண்டராஜன் தோற்ற பக்கத்தில் கையைத் தூக்கியபடி சுற்றிலும் பார்த்தார். ஏனோ முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததாக ஜான்ரோஸ் பிறகு கடையில் சொன்னான்.

திரும்பி வருகையில் சானல் நிறையத் தண்ணீர் ஓடியது. கும்பப்பூ நெல் பால்பிடித்திருந்தது.

“நல்லாப் பேசுனிய” என்றாள் முத்துக்கனி. “அந்தச் சாவு வீட்டுக் காரியம் எனக்கு உறுத்திச்சு. குளியலறைதான் ஒட்டல்ல.”

“ஆமா, அது சரியா யோசிக்கல்ல” என்றார். பிறகு, “நீ என் பேச்ச இவ்வளவு கவனமாக் கேட்டு எவ்வளவு காலமாச்சு” என்றார்.

“நீங்க என்னட்டப் பேசி எவ்வளவு காலமாச்சு?” என்றாள் அவள்.

பணம் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விட்டது. பள்ளி மைதானத்து ஓரத்தில் கட்டலாம் என்று முத்துக்கனி எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. குமாரதாஸ் மனுவைக் கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பகவதியம்மாள் மகள் கல்யாணம் வைகாசி முதல் முகூர்த்தத்தில் வந்தது. வீட்டு முன்னால் ஓலையும் துணியும் போட்டுப் பந்தல். இடவப்பாதிப் பருவமழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. தாலி கட்டி முடித்து முதல் பந்தி உட்கார்ந்ததும் ஊற்றத் தொடங்கியது. பந்தல் துணி தண்ணீர் கோத்துப் பானை வயிறு மாதிரித் தொங்கியது. இலையில் சாம்பாரும் மழையும் ஒன்றாக ஓடின. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். பகவதியம்மாள், பட்டுப்புடவை முழங்கால்வரை சேறாகி, முற்றத்தின் நடுவில் நின்று அழுதாள். முத்துக்கனியைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது.

“டீச்சரே, கொளத்தக் காத்தியளே. பாத்தியளா கொளத்த. எம் பந்தலுக்குள்ள வந்துட்டு.”

சுற்றியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முத்துக்கனி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோற்றுப் பானையின் ஒரு காதைப் பிடித்தாள். பகவதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுகாதைப் பிடித்தாள். இருவருமாக அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த பந்தியைப் பக்கத்து வீடுகளில் அறைக்கு நாலு பேராக உட்காரவைத்துப் பரிமாறினார்கள். அண்டியாபீஸ் பெண்கள் குடைக்கடியில் அவியலும் பருப்பும் சுமந்துகொண்டு தெருவில் வரிசையாக ஓடினார்கள். வைகுண்டராஜன் ஒரு மூங்கில் கழியால் பந்தல் துணியை அடியிலிருந்து தள்ளித் தள்ளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். வேட்டியும் சட்டையும் உடம்போடு ஒட்டியிருந்தன.

கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு முத்துக்கனி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நரைத்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஓர் இலையில் கொஞ்சம் பாயசமும் பப்படமும் இருந்தன.

“சொல்லுங்க” என்றாள்.

“என்னத்த?”

“சொல்லணும்னு தோணுதுல்லா. சொல்லுங்க.”

அவர் கழியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பிறகு, அப்படிச் சொன்னால் அவள் கோபப்படுவாள் என்று தோன்றியது.

“மண்டபம் இருந்திருந்தா இன்னைக்கு இந்தப் பிள்ளை கல்யாணம் நனைஞ்சிருக்காது.”

“ஆமா” என்றாள் முத்துக்கனி. “நனைஞ்சிருக்காது.”

இலையை அவரிடம் நீட்டினாள். அவர் கழியைப் பந்தல் காலில் சாத்திவிட்டு வாங்கிக்கொண்டார். மழை விடவில்லை. அண்டியாபீஸ் பெண்கள் எச்சில் பாத்திரங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி, தொட்டிக்குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பகவதியம்மாள் பட்டுப்புடவையை மாற்றாமலே அவர்கள் பின்னால் ஓடினாள்.

“நானும் போறேன், பாத்திரம் ஒருபாடு கெடக்கு” என்று முத்துக்கனியும் மழைக்குள் இறங்கினாள். வைகுண்டராஜன் கூடப் போகவில்லை. பந்தலுக்கடியில் நின்று, பாயசத்தில் மழை விழாமல் கையால் மறைத்துக்கொண்டு, குடித்து முடித்தார்.